மூன்றாம் தடவை

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் ஃபிரவ்கே சமையலறை மேசையில் பழைய வினாத்தாள்களைப் பரப்பி, அச்சடித்த விடைகளின் மேல் மஞ்சள் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். எந்த உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முறியும் என்று கணக்குப் போடும் பாடம். இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவதிலும் தோற்றால் இந்த எஞ்சினியரிங் படிப்புக்கு நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் அவளைச் சேர்க்காது.

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க சலவை ஆலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை உதறிய தோள் ஞாயிற்றுக்கிழமைதான் வலிக்கும்.

அவளோடு படிக்கும் ட்யார்க் வந்தான். "சூப்பு வாசம் தெருமுனை வரைக்கும் வருதும்மா" என்றவன் மேசையைப் பார்த்தான். "என்னடி இது, தாளெல்லாம் கடுகு சாஸைக் கொட்டிட்டியா?"

"படிக்கிறேன்டா."

"விடையக் கதைப்புத்தகம் மாதிரி படிச்சா எல்லாருக்கும்தான் புரியும். இத மட்டும் போடு, பாப்போம்." ஒரு கேள்வியை முன்னால் வைத்துவிட்டு, அதன் விடைத்தாளை எடுத்து நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

பென்சில் வெள்ளைத் தாளின் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவள் கழுத்து சிவந்தது.

"தெரியும்டா. இப்பதான் படிச்சேன்."

"படிச்சது சரி. போடு."

நான் எழுத்துக் கூட்டக் கற்றது நரை விழுந்த பிறகு, மாலை வகுப்பில். படங்களைப் பார்த்தே பக்கம் முழுவதையும் ஒப்பிப்பேன். டீச்சர் ஒரு நாள் படத்தைக் கையால் மறைத்தார். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. அந்தக் கை இப்போது நினைவுக்கு வந்தது. அவளுக்கு இப்போது என் கதை எதற்கு?

ட்யார்க் இரண்டு தட்டு சூப்பு குடித்தான். பல்கலைக்கழகத்தில் பாடம் முடிந்ததும் கைதட்டுவதற்குப் பதிலாக மாணவர்கள் வாத்தியாருக்குத் தட்டுவதுபோல விரல் முட்டியால் மேசையைத் தட்டி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஃபிரவ்கே போனைக் கையில் எடுத்தாள். தோல்விக் கணக்கில் சேராமல் பரீட்சையிலிருந்து பெயரை எடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"பேர எடுத்துரட்டுமாம்மா? அடுத்த தடவ நல்லாப் படிச்சு எழுதறேன்."

"போன தடவையும் இதத்தான சொன்ன."

"தோத்துட்டேன்னா?"

"என்னோட விரிப்பு உதற வா. ஆள் பத்தலன்னு சூப்பர்வைசர் புலம்பறான்."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டி."

அவள் போனை ரொட்டி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மஞ்சள் தாள்களை எல்லாம் கவிழ்த்து வைத்து, வெற்றுப் பக்கத்தில் ஒரு உத்தரம் வரைந்தாள். அழித்தாள். மறுபடி வரைந்தாள். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் மேசையில் ரப்பர்த்தூள் கிடந்தது. மாலையில் அவள் ஒரு பக்கம் கணக்கோடு முட்டிக்கொண்டிருப்பாள், எதிர்ப்பக்கம் நான் செய்தித்தாளில் ஒரு நீண்ட சொல்லோடு. யாரும் யாருக்கும் உதவவில்லை. சில நாள் அவள் பென்சிலைச் சுவரில் எறிவாள். பிறகு அவளே போய் எடுத்துவருவாள்.

பரீட்சை அன்று காலை ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டுப் போனாள். நான் மேசையைத் துடைத்தேன். தூள் வந்தது. மெத்தென்ற பிளாஸ்டிக் மேசை விரிப்பில் பென்சில் அழுந்திய கோடுகள் மட்டும் வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ உத்தரங்கள், எல்லாவற்றின் மேலும் பாரத்தைக் காட்டும் கீழ்நோக்கிய அம்புகள். ஈரத்துணியை வைத்துவிட்டு, விரல் முட்டியால் அவற்றின் மேல் மெல்லத் தட்டினேன்.