அமலம்மாளின் அரக்குச் சேலை

பினாங்கில் அந்தக் காலத்தில் அழகான பெண் யார் என்று கேட்டால், தமிழ்ச் சனங்கள் யோசிக்காமல் ஓர் ஆணின் பெயரைச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, உண்மையாகத்தான். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிளார்க் இராயப்பனைத்தான் சொல்வார்கள்.

கப்பலேறி வரும் நாடகக் கம்பெனிகளில் பெண்கள் நடித்தது உண்டு. ஆனால் நம்மூர் கிளார்க்குமார் சேர்ந்து நடத்திய அமிர்தகான சபையில் எல்லா வேஷமும் ஆண்களுடையதே. அதில் ராணி வேஷம் என்றால் அது இராயப்பனுக்குத்தான். அவர் மேடையில் நடந்து வந்து, முகத்தில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டால் போதும், கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். பெண்கள்கூட விடுவார்கள். அதற்காகவே அவர் மீசை வைத்துக்கொண்டதில்லை.

அந்த மணிக்கட்டு அசைவு அவருடையது அல்ல. அவர் மனைவி அமலம்மாளுடையது.

பதினெட்டு வயதில் கல்யாணமாகி அவள் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இராயப்பன் வாசல் கதவைச் சாத்திவிட்டு அவளை நடக்கச் சொல்வார். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நட, திரும்பி வா, கீழே விழுந்த பூவை எடு, என்மேல் கோபமாக இருப்பதுபோல் உட்கார் என்பார். அவள் நடப்பாள், பின்னாலேயே இவரும் நடப்பார். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, மாவு ஒட்டிய கையால் தொட முடியாமல் முடியை மணிக்கட்டால் தள்ளிவிட்டாள். அதுதான் பிறகு ஊரே பெருமூச்சு விட்ட அசைவு.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கடுமையான காய்ச்சல் கண்டு, அவள் முடியை வெட்டவேண்டி வந்தது. முழங்கால் வரை தொங்கிய முடி. இராயப்பன் அதை ஒரு துணியில் சுருட்டி, சீனக் கூத்துக்காரர்களுக்கு முடி கட்டிக்கொடுக்கும் கிழவர் ஒருவரிடம் கொண்டுபோய், ராணிக்குப் பொய்முடியாகச் செய்து வாங்கி வந்தார். அமலம்மாளுக்கு முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் பழைய மாதிரி வளரவில்லை.

அவளுடைய கல்யாணச் சேலையும் அப்படித்தான் போனது. கும்பகோணத்திலிருந்து அவள் அப்பா தருவித்த அரக்கு நிறப் பட்டு. அகலச் சரிகை. முதல் நாடகத்துக்குக் கொண்டுபோகும்போது இராயப்பன் அவளைக் கேட்டார். இரண்டாம் நாடகத்துக்குச் சொல்லிவிட்டு எடுத்தார். அதற்கப்புறம் சேலை சபையின் பெட்டியிலேயே தங்கிவிட்டது, கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மேடையில் இருந்த அமலம்மாளுக்கு வயது ஏறவே இல்லை. வீட்டில் இருந்தவளுக்குத்தான் ஏறியது. ஐந்து பிள்ளை பெற்றாள், பல் இரண்டு போயிற்று, வலது முழங்கால் வீங்கிக்கொண்டு படி ஏற விடாமல் படுத்தியது. ஒரு நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, இராயப்பனின் தங்கை ரோசம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணி, எங்கண்ணன்கிட்ட கொஞ்சம் கத்துக்குங்களேன், பொம்பளைன்னா எப்படி இருக்கணும்னு."

எல்லாரும் சிரித்தார்கள். அமலம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

ரப்பர் விலை விழுந்து ஊரே முகம் சுண்டியிருந்த சமயத்தில் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷம் வந்தது. நம் வேதக்காரர்களிடம், கத்தோலிக்கரிடம்தான், ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் புருஷனும் பெண்சாதியும் மறுபடி கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் சேர்ந்து நடப்பார்கள். சாமியார் தாலியை மறுபடி மந்திரித்துக் கொடுப்பார். கல்யாணச் சேலை கிழியாமல் இருந்தால் அதையே கட்டிக்கொண்டு நடப்பது விசேஷம்.

அமலம்மாள் சேலையைக் கேட்டாள். இராயப்பன் காதில் விழாததுபோல் இருந்தார். மறுநாள் சோறு போடும்போது கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். கடைசியில் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இந்த வயசுல நீ அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு நின்னா சனங்க சிரிப்பாங்க லா. வெள்ளையில ஒரு சேலை எடுத்துத் தாரேன், மரியாதையா இருக்கும்."

"உங்களுக்கு நாப்பத்தாறு வயசு. அதைக் கட்டிக்கிட்டுத்தான நிக்கிறீங்க. உங்களுக்கு கை தட்டுறாங்களே."

அது வேஷம், இது வேற என்றார் அவர். என்ன வேற என்று அவள் கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள். ஆனால் அன்றைக்கு மத்தியானமே பாசார் கடைத்தெருவுக்குப் போய் அரக்கு நிறத்தில் ரவிக்கைத் துணி வாங்கி வந்தாள். பழைய ரவிக்கைக்குள் அவளுடைய ஒரு கைகூட நுழையாது. சேலை இன்னும் கைக்கு வரவில்லை, ரவிக்கையைத் தைத்து வைத்துவிட்டாள். அவள் அப்படிப்பட்டவள்.

பூசை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் சபையின் புது நாடகம். அந்த வாரம் வியாழக்கிழமை இராயப்பன் ஒத்திகையிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டதற்குக் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். ராணி வேஷத்தைப் பால்ராஜுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து இப்போதுதான் வேலைக்கு வந்த பையன், பத்தொன்பது வயது. சபையை நடத்திய கார்த்திகேசு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம், இராயப்பனுக்கு முகம் முற்றிப்போச்சு, இடுப்பும் பெருத்துப்போச்சு, இனிமேல் அவர் ராணியின் சமையற்காரியாக வரட்டும் என்று.

"முத்திப்போச்சாம் அமலம்," என்றார். "கத்தரிக்காயைச் சொல்ற மாதிரி சொல்றான்."

அமலம்மாளுக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இந்த மாதிரிப் பேச்சு தனக்குப் பழக்கம் என்று சொல்லிக் காட்டவில்லை. அந்த அன்பில் மனம் இளகி, அவர் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். பையனுக்குச் சேலை கட்டத் தெரியவில்லை, நடந்தால் மடிப்பு அவிழ்கிறது. அதனால் நாளைக்குத் தையற்காரர் சுல்தான் வந்து அரக்குப் பட்டை வெட்டி, பாவாடை மாதிரி மாட்டிக்கொள்ளும்படி தைத்துவிடப் போகிறார். தாமும் சரியென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். சரியென்று சொல்லாவிட்டால் சமையற்காரி வேஷமும் கிடைக்காது.

அமலம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ராத்திரிச் சோற்றுக்கு மீன் குழம்பு வைத்து மூடிவிட்டு, கை கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அவள் சூலியா தெருவுக்கு நடந்தாள். சபை ஒரு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. செங்குத்தான மரப்படி. அந்தப் படியில் அதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை. அமலம்மாள் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து, அடுத்த காலை அதே படிக்கு இழுத்து, மூச்சு வாங்க நின்று, மறுபடி ஏறினாள்.

மேலே அவள் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய முடி. பால்ராஜ் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் சிவப்புப் பூசி நடை பழகிக்கொண்டிருந்தான். தரையில் அரக்குப் பட்டு நீளமாக விரிந்து கிடந்தது. ஒரு நுனியில் சுல்தான் கத்தரிக்கோலோடு குந்தியிருந்தார். முந்தானை நுனியைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் இராயப்பன்.

அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. சேலையை வாங்கிப்போக வந்தேன் என்றாள். கார்த்திகேசு பொறுமையாக விளக்கினார். சேலை இத்தனை வருஷமாகச் சபையில் இருக்கிறது, சரிகை பிரிந்தபோது சபைதான் சரிசெய்தது, உங்கள் கணவரும் வாக்குக் கொடுத்துவிட்டார் என்றார். கடைசியில் அவருக்கே அலுத்துப் போயிற்று.

"என்ன தங்கச்சி, இந்த வயசில உமக்கு இது என்னத்துக்கு?"

"கட்டிக்கத்தான்," என்றாள் அமலம்மாள்.

பின்னால் நின்ற இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"வாக்கு குடுத்தீங்களாமே. உங்க சேலையா இருந்தா குடுங்க. இது எங்கப்பா எனக்கு எடுத்தது."

இராயப்பன் தரையைப் பார்த்தார். முதலில் அசைந்தவர் சுல்தான்தான். கத்தரிக்கோலைத் தட்டி மூடித் தோள்துண்டில் சுற்றிக்கொண்டார்.

"சேலைக்காரங்க வந்து நிக்கிறாங்க சார். இனிமே நான் கத்தரி வைக்க மாட்டேன். அக்கா சொன்னா வெட்டுறேன்."

அக்கா சொல்லவில்லை. முழங்காலை மடக்க முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, சேலையை மடிக்கத் தொடங்கினாள். மடித்துக்கொண்டே வந்து முந்தானைக்கு வந்தபோது அது வரவில்லை. இராயப்பன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ராணி என்னத்தைக் கட்டுவா?" என்றார் மெதுவாக. அவர் அப்படி ஒரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இந்த நாடகத்துல ராணியைத்தான் காட்டுக்குத் துரத்திடுறாங்களே. பருத்தி கட்டட்டும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "விடுங்க," என்றாள்.

அவர் விட்டார்.

அவள் எழுந்ததும் பால்ராஜ் அவசரமாக முடியைக் கழற்றி நீட்டினான். இதுவும் உங்களுடையதாமே அக்கா என்று திணறினான். அவள் அதை வாங்கி ஒரு தரம் தடவிப் பார்த்தாள். நல்ல முடி. அந்தச் சீனக் கிழவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். திரும்ப அவன் தலையிலேயே வைத்து, நெற்றியில் சரிசெய்துவிட்டாள்.

"இது உனக்குத்தான் தம்பி, வச்சுக்க. இது அந்த வயசுக்காரியோடது, எனக்கு வேண்டாம். சேலை என்னுது."

சேலையின் தோள் பக்கம் முகப்பூச்சு ஏறிக் காரைபோல் படிந்திருந்தது. அன்றைக்கும் மறுநாளும் பூந்திக்கொட்டை போட்டு அலசிப் பார்த்தாள். முக்கால்வாசி போயிற்று. மிச்சம் போகவில்லை, அவளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை நாடகம் நடந்தது. பால்ராஜ் பருத்திச் சேலையை நிறைய ஊசி குத்திக் கட்டிக்கொண்டு வந்தான். சனங்கள் பெருமூச்சு விட்டார்கள். இராயப்பன் சமையற்காரியாக வந்து அகப்பையைத் தூக்கிக்காட்டிப் போனார். அவர் பழைய ராணி என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அமலம்மாள் அரக்குப் பட்டைக் கட்டினாள். இடுப்பு பெருத்திருந்ததால் மடிப்பு குறைந்தது, முந்தானையும் கொஞ்சம் குட்டையாயிற்று. இருக்கிற முடியைச் சின்னக் கொண்டையாக முடிந்து, முக்காடு போட்டுக்கொண்டாள். அவள் ஒன்றும் அழகியாகத் தெரிந்துவிடவில்லை கண்ணுகளா, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தன் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

கோயில் வாசலில் ரோசம்மா வாயைத் திறந்தாள். அண்ணி, இந்தக் கலரா என்று ஆரம்பித்தாள். அமலம்மாள் நின்று, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசம்மாவுக்கு அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அண்ணியின் முந்தானை மடிப்பைச் சரியாக எடுத்துவிட்டு நகர்ந்தாள்.

இராயப்பன் கோட்டுப் போட்டிருந்தார். மேலுதட்டில் நரைத்த மீசை முள்முள்ளாக எட்டிப் பார்த்தது. ஆர்மோனியம் தொடங்கியதும் இருவரும் உள்ளே கால் வைத்தார்கள். இரண்டு பக்கமும் சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்களோ இல்லையோ, அவர் உடம்பு தானாக வளைந்தது. கால் மெல்ல, ஒன்றன் முன் ஒன்றாக விழுந்தது. கை தொடைப் பக்கம் இல்லாத சேலை மடிப்பைத் தேடியது. எல்லாரும் பார்க்கும்போது அவருக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அமலம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"அது பழசு. நான் இப்ப நடக்கிற மாதிரி நடங்க."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பார்த்த மாதிரியே கவனமாகப் பார்த்தார். இடது காலை ஊன்றினாள், வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள், சற்று நின்றாள். அவரும் ஊன்றினார், இழுத்தார், நின்றார். இரண்டு மூன்று அடிக்குள் நடை ஒத்துப் போயிற்று.

பாதி வழியிலேயே பாட்டு முடிந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.