நாற்பத்தொன்றாவது குழாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த வாரக் கதைக்கு ஒரு கொலை தேவைப்பட்டது. உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி சுடர்விழி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க லேப்ல கொலை எதுனா நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"அதவிட மோசம் சார். சொல்றேன். ஆனா, கடைசியா நான் என்ன பண்ணேன்னு மட்டும் கேக்காதீங்க."

2

'சுடர்விழியின் கை நடுங்கிய...' (வேண்டாம். என் எல்லாக் கதையிலும் யாருக்காவது கை நடுங்குகிறது.)

மறுபடி. காலை 11.20. பன்னிரண்டுக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். இலை தின்னும் கருமந்திக் குரங்கு பூச்சியும் தின்கிறதா? மரத்தடியில் நின்று பார்த்தால் தெரியாது. அது போட்ட மலத்தில் பூச்சியின் டி.என்.ஏ. இருந்தால் தெரியும். மூன்று வருடம் மலைக்காட்டில் பொறுக்கியது, நாற்பது குழாய். முப்பத்தொன்றில் கறையான்!

நாற்பத்தொன்றாவதில் வெறும் தண்ணீர். சோதனை சுத்தமா என்று பார்க்க வைப்பது. அதில் எதுவும் வரக்கூடாது.

அதிலும் கறையான்.

3

(இங்கே பொறாமைக்கார வில்லன் ஒருவனை நுழைத்தேன். கோடு போட்டு அடித்துவிட்டேன்.) ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கறையான் வேண்டியிருந்தது. முந்தின வாரம் அதே மேஜையில் அவளேதான் நசுக்கினாள்.

பக்கத்து மேஜை செம்மல் எட்டிப் பார்த்தான்.

"மூணு வருஷமா கொரங்குப் பீ பொறுக்கின. ஒத்தத் தண்ணிக் கொழாய்க்கா பயப்படுற? அந்த வரிய அழிச்சிட்டு அனுப்பு."

"அப்ப அந்த முப்பத்தொண்ணு? கொரங்கு தின்னதா, மேஜையில இருந்து ஒட்டுனதா?"

"கொரங்கு வந்து கேஸ் போடுமா?"

மலம் மிச்சமில்லை. திரும்பப் பொறுக்கக் குறைந்தது இன்னொரு வருடம். உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி.

4

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். வழிகாட்டி புருஷோத்தமன் தோளைத் தட்டி... (அவர் தட்டுகிற ஆள் இல்லை.)

முடிவு ஆ: அழிக்கிறாள். பட்டம், வேலை. பிறகு ஒருநாள் எவனோ...

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் சட்டுனு முடிவு பண்ணிடறேன் சார்" என்றாள். "அப்பிடியா இருக்கும்?"

5

11.56. வாசலில் புருஷோத்தமன்.

"என்னாம்மா, தண்ணிக் குழாய் சுத்தந்தானே?"

செம்மல் தலையைக் குனிந்துகொண்டான். திரையில் அந்த ஒரு வரி.

சொன்னாள் என்று எழுதினால் மெச்சிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். மறைத்தாள் என்றால் திட்டிவிட்டுப் புரட்டுவீர்கள். இரண்டிலும் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் எழுத மாட்டேன்.

சுடர்விழியை எழுப்பிவிட்டேன். அவள் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவர் பதிலுக்காக நிற்கிறார். 11.57.