மேல் வகுப்புக்காரி

சோலையம்மாள் காபியைத் தொடவே இல்லை. தாண்டிக்குடியிலிருந்து ஜீப் மாறி ஜீப் ஏறிப் பூண்டிக்கு வந்தவள், தம்பி வீட்டுக் காபியை ஆடை கட்ட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் விவகாரம் பெரிது என்று அர்த்தம்.

"ஏலே மயிலு, ஒம் மக எம் மகனுக்கு மேல் கிளாஸ்ல படிக்கிறாளாமே. ஊருல கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

மயில்சாமி மகள் சுபஸ்ரீயைப் பார்த்தார். சுபஸ்ரீ, அத்தை மகன் மனோஜ்குமாரைப் பார்த்தாள். மனோஜ்குமார் முறுக்குத் தட்டைப் பார்த்தான்.

இருவருக்கும் கல்யாணம் என்பது எப்போதோ பேசி வைத்தது. சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்தபோது, துணைக்குத் துணையாச்சு என்று முதலில் சிரித்தவளே சோலையம்மாள்தான். சேர்ந்த வாரமே அங்கே எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். நன்றாக எழுதியவர்கள் மேல் வகுப்புக்குப் போனார்கள். தடுமாறியவர்கள் அடிப்படையை மறுபடி படிக்கக் கீழ் வகுப்புக்கு. சுபஸ்ரீ மேலே, மனோஜ்குமார் கீழே. மேலிருந்து ஒருமுறை இறங்கினால் அந்தப் பட்டப்படிப்பு முடியும்வரை திரும்ப ஏற வழியில்லை.

"கட்டிக்கப்போறவன் கீழ இருக்கயில இவ மேல ஒக்காந்தா நல்லாவா இருக்கு? இவளையும் கீழ மாத்தச் சொல்லு. அதே கணக்குதான, மெதுவாப் படிச்சா என்ன கொறஞ்சு போகுது? இல்லேன்னா பேச்சை இதோட விட்டுருவோம்."

மயில்சாமி அக்காளை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அடுப்படியில் அம்மா ராஜகுமாரி மகள் காதோரம் வந்தாள். "சரின்னு சொல்லிட்டுப் போ. போய்க் கேளு. படிச்ச மனுசங்க இதுக்கெல்லாம் விடுவாங்களா? முடியாதுன்னுருவாங்க. பழி காலேஜு மேல போயிரும்."

சுபஸ்ரீக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் வெள்ளனே கிளம்பிய பேருந்து வளைவு வளைவாக இறங்கியது. பக்கத்தில் இருந்த மனோஜ்குமாரிடம் சுபஸ்ரீ கேட்டாள்: "நான் மேல இருக்குறது ஒனக்குக் கஷ்டமா இருக்கா?"

"எனக்கென்ன? கால்குலஸ்தான் கஷ்டமா இருக்கு."

"அதை அத்தைகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எங்கம்மாகிட்டயா?" என்று சிரித்துவிட்டு அவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான்.

துறைத்தலைவர் சேனாதிபதியின் அறையில், அவர் வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் நிற்கும் படங்கள் சுவர் முழுக்க இருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாமா பையனா?"

"அத்தை பையன் சார்."

"அப்ப சரி." பேனாவை எடுத்தார். "வீட்டுல சமாதானம் முக்கியம்மா. என் மிஸஸும் மேத்ஸ்தான், என்னைவிட நல்லாப் போடுவாங்க. நான் டாக்டரேட் முடிக்கட்டும்னு காத்திருந்தாங்க. அப்புறம் அவங்களுக்கு நேரம் வாய்க்கல. இப்ப என்ன, நல்லாத்தான் இருக்கோம்."

சுபஸ்ரீ, பார்த்தறியாத அந்த அம்மாளை நினைத்துக்கொண்டாள். இந்நேரம் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்?

"வேணாம் சார்."

"நீதானம்மா கேட்டு வந்த?"

"நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சு வந்தேன் சார்."

சேனாதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

வராந்தாவுக்கு வந்து அத்தையைக் கூப்பிட்டாள். முதல் மணிக்கே எடுத்தாள் சோலையம்மாள்.

"மாறலை அத்தை."

"முடியாதுன்னுட்டாகளா?"

ஆமாம் என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அம்மா சொன்னபடி பழி கல்லூரிக்குப் போய்விடும்; அத்தையும் நாலு வசவோடு அடங்கிவிடுவாள்.

"இல்லத்தை. அவங்க சரின்னுட்டாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

அந்தப் பக்கம் அத்தை கோழியை விரட்டுவது கேட்டது. பிறகு, "அப்பக் கல்யாணம்?" என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது.

"அது நீங்களும் மனோஜும் பேசிக்கங்க. அவனுக்கு ஒண்ணும் இல்லையாம், ஒங்ககிட்டச் சொல்லத்தான் பயமாம். வச்சுர்றேன் அத்தை, கிளாசுக்கு நேரமாச்சு."