வற்று நாளில் பூட்டிய கதவு

டங்! டங்! டங்!

இரும்பின் மேல் இரும்பு மோதும் சத்தம். கமேலியாச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த நோல்வென் விருட்டென்று நிமிர்ந்தாள். கையிலிருந்த முளைக்குச்சியைத் தூர வீசினாள். சிவப்பு ரிப்பன் கட்டிய அந்தக் குச்சிகளைத்தான் காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடம் குறிக்க அவற்றை அடிக்கச் சொன்னவன் கிஸ்லேன், பிரான்சின் கடலோரத்தில் இருக்கும் கெலென் கோட்டையின் புது முதலாளி. சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து டீ குடிக்க இங்கே கண்ணாடி மண்டபம் வரப்போகிறதாம். அதற்காக நூறு வயதுக் கமேலியா இரண்டைப் போன வாரமே வெட்டியாயிற்று. தோட்டக்காரியான அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தோட்டத்து வெளிக் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. வெளியே ஊரே நின்றது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் வாளி, வலைக்கூடை, மண்வாரி. முன்னால் நின்ற கிழவன் ஃபான்ஷ்தான் மண்வாரியால் கதவை வெளுத்துக்கொண்டிருந்தான்.

“ஏ நோல்வென்! செத்துட்டியா? மணி பதினொன்னரை ஆச்சு. கடல் நமக்காகக் காத்திருக்குமா?”

அன்று பெரிய வற்று. வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும். மற்ற நாட்களில் கண்ணுக்கே தெரியாத பாறைகள் அன்று தலைகாட்டும். நண்டையும் மட்டியையும் கையாலேயே பொறுக்கலாம். எல்லாம் இரண்டு மணி நேரம்தான், பிறகு தண்ணீர் திரும்பிவிடும். கரை நெடுகச் செங்குத்துப் பாறை. கீழே இறங்க ஒரே வழி, கோட்டைத் தோட்டத்தின் மறுகோடியில் உள்ள கல்படி. அதனால் வற்று நாளில் இந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

இன்று கதவில் ஒரு பலகை தொங்கியது. ‘தோட்டம் பார்வையிட: பதினோரு யூரோ.’

“யார் மாட்டினது இதை?” என்று சீறினாள் நோல்வென்.

“நான்தான்” என்றபடி டிக்கெட் அறையிலிருந்து வந்தான் கிஸ்லேன். நாற்பது வயது, பாரிஸ் பேச்சு, மண்ணே படாத பூட்ஸ். “மத்தவங்க காசு கொடுத்துத்தானே பார்க்கிறாங்க? இவங்க மட்டும் என்ன ஒசத்தி?”

“இவங்க பூப் பார்க்க வரலை மிஸ்யூ. நண்டு பிடிக்கப் போறாங்க.”

“நண்டுக்குப் போற வழியிலயும் பூ இருக்கே.”

வெளியே கூச்சல் கிளம்பியது. “டேய் பாரிஸ்காரா, நீ லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்து அரைடவுசர் போட்டு ஓடினப்போ உன் மூக்கைத் துடைச்சுவிட்டவன்டா நான்!” என்றான் ஃபான்ஷ். “அந்தத் துணிக்கு முதல்ல காசு கொடு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். உள்ளே முறையாக டிக்கெட் வாங்கி வந்திருந்த ஒரு தம்பதி படம் பிடித்துக்கொண்டார்கள். “இதுவும் டிக்கெட்டிலேயே அடக்கமா?” என்று மனைவி ஆவலோடு கேட்டாள். நோல்வென் முறைத்த முறையில் அந்த அம்மாள் நேராக ரோஜாப் பாத்திப் பக்கம் போய்விட்டாள்.

கூச்சல் ஏற ஏற கிஸ்லேன் திடீரென்று சிரித்தான். கையை உயர்த்தினான்.

“சரி, சரி. அத்தை இருந்தப்போ எப்படியோ இன்னைக்கும் அப்படியே. காசு வேண்டாம். ஆப்பிள் சைடர் உண்டு, வெண்ணெய் கேக்கும் உண்டு. வழக்கம்போல விருந்தினர் புத்தகத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க.”

கூட்டம் சட்டென்று குளிர்ந்தது. “அப்படிச் சொல்லு ராசா! என்ன இருந்தாலும் மதாமோட ரத்தமாச்சே” என்றான் ஃபான்ஷ்.

கிஸ்லேனின் அத்தையான, காலமாகிவிட்ட மதாமைச் சொன்னாலே ஊருக்கு மனம் இளகும். வற்று நாளில் தானே வாசலுக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தவள். பக்கத்தில் தடித்த புத்தகத்தையும் பேனாவையும் தட்டில் ஏந்தி நின்றது நோல்வென். கையெழுத்து வாங்குவதும் அவள் வேலைதான்.

கிஸ்லேன் இப்போதும் புத்தகத்தை அவள் கையில்தான் திணித்தான். அவள் கம்பிகளுக்கிடையே அதை நீட்டினாள். ஃபான்ஷ் ஒரு நொடியில் கிறுக்கிவிட்டு நகர்ந்தான்.

அடுத்து நின்றவள் ஒதில். பிரெஸ்ட் நகரத்தில் பத்திரம் எழுதும் நோட்டரியிடம் ஆயுசு முழுக்க எழுத்தராக இருந்தவள். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவள் பேனாவைத் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

“சீக்கிரம் போடுங்கம்மா, தண்ணி ஏறிடும்” என்றார்கள் பின்னால்.

“படிக்காம எதுலயும் போட மாட்டேன். அது என் வியாதி.” பக்கத்தின் உச்சியில் அழகான எழுத்தில் அச்சடித்திருந்த வரியை அவள் உரக்கப் படித்தாள். “‘கோட்டை உரிமையாளர் அன்போடு அளித்த அனுமதியின்பேரில், அவருடைய விருந்தினராக இன்று தோட்டத்தின் வழியே சென்றேன்.’ இது எல்லாப் பக்கத்துலயும் இருக்கா?”

“இருக்கும். யாரு படிச்சா?” என்றாள் நோல்வென்.

“இந்தப் புத்தகம் எப்ப ஆரம்பிச்சது?”

“நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், செப்டம்பர் வற்றுல. அதுக்கு முன்னாடி, அந்த வருஷம் ஏப்ரல் வற்றுல எல்லாரும் யாரையும் கேக்காம, கதவைத் தள்ளிக்கிட்டு அவங்கபாட்டுக்குப் போனாங்க. வர்ற ஏப்ரலோட முப்பது வருஷம்.”

“நோல்வென், வேலையைப் பாருங்க” என்றான் கிஸ்லேன். குரலில் இருந்த இனிப்பு போய்விட்டது.

ஒதில் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “போன மாசம் ஆவணக் காப்பகத்துல இந்தக் கோட்டைப் பத்திரத்தைப் பார்த்தேன். இந்தத் தோட்டத்துல பாதி, ஊர்ப் பொது நிலம். மதில் கட்டினப்போ அன்னைய பிரபு அதை எடுத்துக்கிட்டு, பதிலுக்கு எழுதிக் கொடுத்திருக்காரு, வற்று நாள்ல இந்த வழியா நடக்கிறது ஊரோட உரிமைன்னு. சலுகை இல்லைங்க. உரிமை.”

“அப்புறம் என்ன? நடந்துக்கிட்டுதானே இருக்கோம்?” என்றான் ஃபான்ஷ்.

“எங்க நடந்தீங்க? விருந்தாளியா வந்தீங்க, கையெழுத்தும் போட்டீங்க. முப்பது வருஷம் யாருமே உரிமைன்னு நடக்கலேன்னா அந்த உரிமை செத்துப்போகும். சட்டம் அப்படி. ஏப்ரலுக்கு முன்னாடி இதுதான் கடைசிப் பெரிய வற்று. இன்னைக்கும் விருந்தாளியாவே போனீங்கன்னா அந்தப் படிக்கட்டு மேல மண்டபம் கட்டலாம், மாட்டுத் தொழுவம்கூடக் கட்டலாம். கேக்க நாதியில்லை.”

பேனாவுக்காக நீண்டிருந்த கைகள் பின்னுக்குப் போயின.

நோல்வெனுக்கு முகம் கொதித்தது. கிஸ்லேன் மேல் இருந்த கோபம் எல்லாம் சின்னதாகிப்போனது. மதாம்! குளிரில் நின்று கேக் வெட்டிக் கொடுத்த அந்தக் கை! “உன் பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா” என்று விசாரித்துக்கொண்டே பேனாவை நீட்டச் சொன்ன அந்த வாய்! தட்டை ஏந்தி நின்றவள் யார்? கையெழுத்துப் போடாமல் நழுவியவர்களை ஓடிப்போய்ப் பிடித்து வந்தவள் யார்? முப்பது வருஷமாக மதாம் அவளை வைத்தே ஒரு ஊரின் கழுத்தில் கயிற்றை மாட்டியிருக்கிறாள், அதுவும் கையில் கேக்கோடு.

“உங்களுக்கு எல்லாம் தெரியும். இல்லையா?” என்று கிஸ்லேனைக் கேட்டாள்.

“அத்தை முன்யோசனைக்காரங்க” என்றான் அவன். “எனக்கு எழுதி வெச்சுட்டுத்தான் போனாங்க. நோல்வென், இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். புத்தகத்தைக் கொடுங்க.”

அவள் ஃபான்ஷ் கையெழுத்திட்ட பக்கத்தைக் கிழித்தாள். நாலாக, எட்டாகக் கிழித்து கிஸ்லேனின் பூட்ஸ் மேல் போட்டாள்.

“கிழவன் உங்க விருந்தாளி இல்லை. இங்க யாருமே உங்க விருந்தாளி இல்லை.”

இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்தாள்.

“பூட்டுல கை வெச்சீங்கன்னா வேலை போச்சு. கோட்டை கொடுத்த வீடும் போச்சு” என்றான் கிஸ்லேன்.

“அந்த ரெண்டு கமேலியாவை வெட்டினப்பவே என் வேலை போயிடுச்சு.” சாவியைத் திருகினாள். “ஃபான்ஷ், மசமசன்னு நிக்காதீங்க. தள்ளுங்க! யாரும் கேக்குல கை வைக்கக்கூடாது. யாரும் நன்றி சொல்லக்கூடாது!”

“நன்றியா? இவனுக்கா?” ஃபான்ஷ் தோளைக் கொடுத்தான்.

கதவு அலறிக்கொண்டு திறந்தது. வாளிகள் இடிபட, மண்வாரிகள் உரச, ஊர் உள்ளே புகுந்தது. கேக் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒதில் தன் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். போகிற போக்கில் மணியைப் பார்த்து உரக்கச் சொன்னாள், “பன்னிரண்டு அஞ்சு! எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குங்க. யார்கிட்டயும் கேக்காமப் போறோம்!”

நோல்வென் முன்னால் நடந்தாள். வழியில் மிச்சமிருந்த முளைக்குச்சிகளை உதைத்துச் சாய்த்துக்கொண்டே போனாள்.

கிஸ்லேனின் முகம் வெளுத்தது. அவன் ஓடிவந்தான், பூச்செடிகளை மிதித்தான், கல்படியை நெருங்கிவிட்ட கூட்டத்துக்கு முன்னால் போகப் பார்த்தான், முடியவில்லை. பின்னாலிருந்து இரு கைகளையும் விரித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தொண்டை கிழியக் கத்தினான்:

“நான் அனுமதி தர்றேன்! கேக்குதா? எல்லாருக்கும் நான் அனுமதி தர்றேன்!”