சத்தம் போடாத பிரேக்

வீட்டில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அது அவருக்குத் தெரியாது. போலீஸ் வேலை ஒன்றும் இல்லை. சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். நாளெல்லாம் நூற்றுக்கணக்கான சுவிட்சுகளை அழுத்திப் பார்த்து, ‘டக்’ கொஞ்சம் மந்தமாக விழுந்தால் சிவப்புப் பெட்டிக்குள் எறிந்துவிடுவார். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு தன் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கை ஆறு மாதம் பொறுத்துக்கொண்டிருந்ததுதான் ஆச்சரியம்.

அவர் வீட்டுத் தெரு நல்ல இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை உருள விட்டு வாசலில் பிரேக் பிடிப்பார். தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு கிறீச். எதிர்வீட்டு நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

ஒரு சனிக்கிழமை மெக்கானிக் பழைய பிரேக் பேடைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

“சார், இது பேட் இல்ல. வெறும் தகடு. இத்தனை நாளா எதை வச்சு நிறுத்துனீங்க?”

ஊரார் பொருளில் எல்லாம் குறை கண்டுபிடிப்பவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மெக்கானிக் மூன்று பெட்டிகளைச் சீட்டின் மேல் பரப்பினான்.

“இது ஆர்கானிக். பூ மாதிரி பிடிக்கும், சத்தமே வராது. ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். இது முழு மெட்டல். நல்லா உழைக்கும், மழையிலயும் பிடிக்கும். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. இது நடுவுல, ரெண்டுங்கெட்டான்.”

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து அளவுமானியை எடுத்தார். ஒவ்வொரு பேடின் கனத்தையும் நான்கு மூலையில் அளந்தார். நகத்தால் சுரண்டினார். காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார்.

“மோந்துதான் பாக்கல, அதையும் பண்ணிடுங்க சார்.”

மோந்தும் பார்த்தார். பிறகு, “சத்தம் வராததையே போடு” என்றார்.

அன்று மதியம் வண்டி பூனை மாதிரி வாசலில் வந்து நின்றது. நாய் அசையவில்லை. பெருமையோடு ஸ்டாண்டைப் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்குள் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கூடத்தின் நடுவில் அவருடைய பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி மனைவி நின்றிருந்தாள். அவரைப் போலவே இரண்டு முறை கனைத்தாள்.

“கேள்வி ஒண்ணு. ஆளில்லாத ரூம்ல ஃபேன் யாருக்குச் சுத்துது? கேள்வி ரெண்டு. ஈக்குச் சுத்துதுன்னா, ஈ பில் கட்டுமா?”

மாமனார் மாப்பிள்ளையின் நாற்காலியில் சாய்ந்து, காலை மேஜைமேல் நீட்டி, செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். “ஐயோ, அசல் இன்ஸ்பெக்டர்!” என்று மாமனார் கண்ணைத் துடைத்தார். தன் பெயர் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் கேள்வி அவருடையதுதான். இரண்டாவதை அவள் சொந்தமாகச் சேர்த்திருந்தாள். அது நன்றாகவே இருந்தது. அவருக்கே சிரிப்பு முட்டியது. அதே நேரத்தில் மனைவியும் சிரித்துவிட்டாள், ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாதபடி குலுங்கிக் குலுங்கி. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவர் எதிரில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. இப்போது உள்ளே போனால் அந்தச் சிரிப்பு எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். டக்.

வண்டியைச் சத்தமில்லாமல் திருப்பி, மேட்டில் தெருமுனை வரைக்கும் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு ஏறி உட்கார்ந்து, நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

உள்ளே மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தித்தாள் கடையிலிருந்து வந்தது போல மடிந்து கிடந்தது. மகள் அட்லஸைத் திறந்து வைத்து, நடுக்கடலை உற்றுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, பிரேக்கை மாத்திட்டீங்களா?”

“மாத்திட்டேனே.”

“சத்தமே கேக்கல?”

“அதுக்குத்தானே மாத்தினது!”

மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த வாரம் அவர் தினமும் ஹாரன் அடிக்காமல் உருண்டு வந்து, அந்தச் சிரிப்புக்காக ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுமே கேட்கவில்லை. எந்த நிமிடமும் வந்து நிற்பார் என்ற பயத்தில் வீடு முழுநேர ஆபீஸாகிவிட்டிருந்தது. மாமனார் கூடத்து ஓரத்தில் ஸ்டூலில், தபாலாபீஸில் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மேஜை பளபளத்தது. ஃபேன் சுற்றவில்லை. எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றார். கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“அந்த வாய் ஜாஸ்தி பேட் இருக்கா?”

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நீங்க நாலாவது ஆள் சார்.”

“எதுல?”

“செவ்வாக்கிழமை உங்க மாமனார் வந்தாரு. ‘மாப்பிள்ளை வண்டிக்குக் கத்துற பேடையே போட்டுடுப்பா’ன்னாரு. மறுநாள் ஸ்கூல் விட்டு வர்றப்ப உங்க பொண்ணு. சக்கரத்துல மணி கட்ட முடியுமான்னு கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“உங்க வீட்டம்மா போன் மட்டும்தான் பண்ணாங்க. அவருக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க.”

“அதை என்கிட்டயே சொல்றியே!”

“நீங்களும் அதுக்குத்தானே சார் வந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு, எல்லாரும் சத்தத்தை எடுக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. உங்க குடும்பம் மாதிரி நான் பார்த்ததே இல்ல.”

மாட்டி முடித்ததும் ஷெட்டைச் சுற்றி ஆறு முறை ஓட்டிப் பார்த்தார். ஆறாவது முறை பழையதற்குக் கொஞ்சமும் குறையாத ஒரு கிறீச் எழுந்தது. “பாஸ்” என்றார். மெக்கானிக் அதற்குள் அவர் மனைவிக்குப் போன் போட்டு, கத்துகிற பேட் மாட்டியாச்சு என்று சொல்லிவிட்டிருந்தான்.

வாசலில் பிரேக் பிடித்தார். நாய் எழுந்து இடம் மாறியது. உள்ளே நாற்காலி இழுபட்டது. பாதங்கள் ஓடின. “ஹெல்மெட், ஹெல்மெட்” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. அவர் சீட்டிலேயே உட்கார்ந்து பத்து வரை எண்ணினார். தாள் மடிக்கும் சத்தம் இன்னும் ஓயவில்லை. மேலும் ஐந்து எண்ணினார்.

உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஃபேன் மட்டும் அணைத்த வேகத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை கனைத்தார்.

“கேள்வி ஒண்ணு.”

மகள் அட்லஸின் கடலுக்குள் குனிந்தாள்.

“ஈ பில் கட்டுமா?”

மனைவியின் கையில் கத்தி அப்படியே நின்றது. “நீங்க... எப்போ...”

“போன சனிக்கிழமை. கேள்வி ரெண்டு. நான் அப்படியா கனைக்கிறேன்?”

“இல்லப்பா” என்றாள் மகள், அட்லஸிலிருந்து தலையைத் தூக்காமல். “அம்மா கொஞ்சம் குறைச்சுதான் பண்றாங்க.”

மாமனாரால்தான் முதலில் அடக்க முடியவில்லை. பிறகு மனைவி கத்தியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். ஹெல்மெட் இல்லாமல் அந்தச் சிரிப்பை அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, அந்த ஃபேனைப் போடுங்க” என்றார் மாமனார். “சிரிச்சுச் சிரிச்சு வேர்க்குது.”

அவர் போய் சுவிட்சை அழுத்தினார். டக் கொஞ்சம் மந்தமாகத்தான் விழுந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.