தொங்கவிட்ட கம்பளம்

அடுத்த வீட்டு மாமா தன் துணி நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்குள் வந்தபோது, குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி ஒரு பழைய சோபாவின் முதுகிலிருந்து ஸ்டேப்பிள்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் கையிலிருந்த குறடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"இந்த ஓட்டைய எப்படியாவது அடைச்சுக் குடுங்க" என்றார் மாமா அப்பாவிடம். "நாலு நாளா வீட்ல என்னோட பேச்சே இல்ல."

மாமா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக்கொடியை ஒப்படைத்த அன்றே சிகரெட்டையும் விட்டவர். விடவில்லை, விட்டதாகச் சொல்லிக்கொள்கிறார் என்று இப்போது அவர் மனைவி, அத்தை, திருத்துகிறாளாம். அழுக்கேறிக் கறுத்த சாய்மானத் துணியில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி வட்டமாக ஓர் ஓட்டை. சிகரெட்டைத் தவிர வேறு எது இப்படி வட்டமாக ஓட்டை போடும் என்பது அவள் கேள்வி.

அப்பா சோபா, நாற்காலிகளுக்குத் துணி மாட்டுகிறவர். நாற்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பரவால்லண்ணே, இத்தனை வருஷப் பழக்கம், சட்டுனு விட்டுடுமா" என்றார்.

"நீங்களுமா?" என்றார் மாமா. தொங்கிய முகத்தோடு திரும்பிப் போனார்.

குச்சி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அந்த ஓட்டையைப் போட்டது அவள்.

பள்ளி வில்வித்தை அணிக்கு ஆள் எடுக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. கொல்லையில் வேலியோரம் கிழிந்த மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்து அதில் எய்து பழகிக்கொண்டிருந்தாள். நான்கு நாளைக்கு முன்னால் ஓர் அம்பு மெத்தையின் விளிம்பை உரசிக்கொண்டு, வேலியில் ஒரு பலகை விழுந்துபோயிருந்த சந்து வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. சொத்தென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வேலிக்கு ஓடுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எட்டிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது; மாமா மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போயிருந்தார். வேலி தாண்டிக் குதித்து, அம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். அன்றிலிருந்து வில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நாண் சரியில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். கண்ணை மூடினால் அந்த நாற்காலி காலியாக இல்லை.

சொன்னால் வில் போய்விடும், அணியும் போய்விடும். சொல்லாவிட்டால் குடிக்காத சிகரெட்டுக்காக மாமா திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார். இரவு எல்லோரும் படுத்த பிறகு பட்டறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எழுந்து போனாள். அப்பா ஓட்டைக்குத் தோதாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது சிகரெட் இல்ல. என் அம்பு."

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டு ஓட்டையைத் தடவினார். பிறகு அதே கையை முன்பக்கம் கொண்டுவந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

"காலைல அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நீயே சொல்லணும்" என்றார் கடைசியில். "அம்ப நிறுத்துற மாதிரி ஒண்ணு கட்டி முடிக்கிற வரைக்கும் வில்லத் தொடக்கூடாது."

தொடக்கூடாது என்று மட்டும்தான் சொன்னார், தரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான்கு நாளில் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

காலையில் சொன்னபோது அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமாவுக்கோ தான் பிழைத்ததைவிட, தன் பேர் பிழைத்ததுதான் பெரிதாக இருந்தது.

"கேட்டியா? இப்பவாவது நம்புறியா?" என்று அத்தையிடம் மூன்று முறை கேட்டார். நாலாவது முறை அத்தை, "உயிரோட இருக்கீங்கல்ல, உள்ள வந்து சாப்பிடுங்க" என்றாள். அவர்கள் வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது. வேலியில் இருக்கும் இடைவெளியைக் கனமான பலகையால் அடைக்க வேண்டும், கட்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று குச்சியிடம் அத்தை கறாராகச் சொல்லியும் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் இறங்கினார்கள். முதலில் வேலியின் இடைவெளியைப் பலகையால் அடைத்தார்கள். பழைய சோபாக்களின் கட்டைகளை அறுத்து ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம் செய்து அதன் முன்னால் நிறுத்தினார்கள். யாரோ கழித்துப்போட்ட அறைக் கம்பளத்தை இரண்டாக மடித்து அப்பா அதில் மாட்டினார். நாலு பக்கமும் இழுத்து இழுத்து ஸ்டேப்பிள் அடித்தார். ஒரு சுருக்கம் இல்லை. விரலால் சுண்டினால் மேளம் மாதிரி அதிர்ந்தது. இரண்டடி தள்ளி நின்று தன் வேலையைத் தானே ரசித்தார்.

அடுத்த வீட்டில் இருவரும் வீட்டுக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டு குச்சி எய்தாள். அம்பு கம்பளத்தைப் பொத்துக்கொண்டு போய்ப் பின்னால் பலகையில் குத்தி நின்றது. போதவில்லை என்று அப்பா இன்னும் இறுக்கினார். அடுத்த அம்பு இன்னும் ஆழமாகக் குத்தியது.

இன்னொரு மடிப்பு சேர்த்துவிடலாம் என்று அப்பா மேல்பக்கம் தவிர மற்ற மூன்று பக்கத்து ஸ்டேப்பிள்களையும் கழற்றிவிட்டு, கம்பளத் துண்டு தேடப் பட்டறைக்குள் போனார். அடிப்பக்கம் விடுபட்ட கம்பளம் காற்றில் லேசாக ஆடியது. துவைத்த போர்வையைக் கொடியில் போட்டுக் குத்தினால் கை வலிக்காது, போர்வைதான் பின்னால் போகும் என்பது குச்சிக்கு நினைவு வந்தது. அப்பா வரட்டும் என்று காத்திருந்தாள். வந்ததும், "அப்படியே விடுங்கப்பா, ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

அம்பு பட்டதும் கம்பளம் வயிறு எக்கியதுபோல் பின்வாங்கியது, திரும்பி வந்தது. அம்பு பாதிகூட நுழையாமல் அதிலேயே தொங்கியது. மறுபடி எய்தாள். மறுபடியும் அதேதான். பின்னாலிருந்த பலகையில் புதுக் கீறல் ஒன்றும் இல்லை.

அப்பா கிட்டே போய்க் கம்பளத்தைப் பார்த்தார். மேலே மட்டும் பிடித்து, கீழே தொளதொளவென்று, அலை அலையாகச் சுருக்கம்.

"இதப் பாத்தா எவன்டி எனக்கு சோபா குடுப்பான்?" என்றார். ஆனால் ஸ்டேப்பிள் அடிக்கும் கருவியைத் தொடவில்லை.

மாலையில் மாமா ஒட்டுப்போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கொல்லைக்கே வந்துவிட்டார். குச்சிக்குப் பின்னால் ஐந்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார்.

"அத்தை உள்ள போயாச்சு, வழி காலி. முப்பது வருஷத்துல நான் விசில் குடுக்காம ஒரு வண்டி கிளம்பினதில்ல. உன் அம்பும் அப்படித்தான், தெரிஞ்சுதா?"

"சரி மாமா."

மாமா விசில் ஊதினார். குச்சி நாணை இழுத்தாள். அம்பு கம்பளத்துக்குள் மெத்தென்று அடங்கியது. அதை எடுக்கப் போன அப்பா, போன கையோடு ஒரு சுருக்கத்தை நீவிவிடப் பார்த்தார். பாதியில் நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டார்.