ராஜா மீன் எந்தப் பக்கம்?

ஸ்கார்வோய் தீவில் கடலுக்குக் கிளம்புகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. மார்ச் மாதத்தில் வானம் தெரிந்தால்தானே பார்ப்பதற்கு. அவர்கள் ராஜாவைத்தான் கேட்பார்கள்.

ராஜா என்றதும் எழுந்து நின்றுவிடாதீர்கள். அவர் ஒரு கருவாடு. குஞ்சாக இருந்தபோதே மண்டை எலும்பு கோணிக்கொண்டு வளர்ந்து, தலையில் கிரீடம் போல ஒரு புடைப்பு விழுந்த காட் மீன். ஆயிரக்கணக்கில் பிடித்தால் அப்படி ஒன்று அகப்படும். அதைத் தின்னக்கூடாது. காயவைத்து, முதுகில் நூல் கட்டி, சமையலறை உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வரப்போகிறதோ அந்தத் திசைக்கு மூக்கைத் திருப்பிக் காட்டும் என்பது ஊர் நம்பிக்கை. இந்த ராஜா செத்து முப்பது வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த நாளில் அவர் பேச்சை எந்த மீனும் கேட்டிருக்காது. செத்த பிறகு ஒரு தீவே கேட்கிறது.

வருஷம்தோறும் மீன் விழாவில் ஒரு போட்டி. சீசனில் யார் மிகப் பெரிய ஸ்க்ரையைப் பிடிக்கிறார்களோ, அவர்கள் வீட்டில் ராஜா ஒரு வருஷம் தொங்குவார். ஸ்க்ரை என்பது வடக்கே பனிக்கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் இந்தப் பக்கம் நீந்தி வருகிற காட். இங்கேயே பிறந்து இங்கேயே கிடக்கிற உள்ளூர் காட்டுக்குப் போட்டியில் இடமில்லை. வெளியூர்க்காரனுக்குத்தான் மரியாதை, மீனிலும் அப்படித்தான்.

ஒன்பது வருஷமாக ராஜா, ஹால்வார் என்ற படகுக்காரன் வீட்டில் இருந்தார். தினமும் காலை ஐந்து மணிக்கு எல்லாப் படகுக்காரர்களும் ஹால்வாருக்கு ஃபோன் போடுவார்கள். "எந்தப் பக்கம்?" அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ அரண்மனையிலிருந்து பேசுகிறவன் மாதிரி பதில் சொல்வான். தென்மேற்கு என்றால் புயல். அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்குத் திறந்த கடல் பக்கமுள்ள வெளிக்கரைக்கு ஒருவரும் போகமாட்டார்கள்.

இது ஹெர்போர்க்குக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஐம்பத்தொன்பது வயது, தனிக்கட்டை, இருபத்தெட்டு அடிப் படகு ஒன்று, அதை ஓட்ட அவள் மட்டும். ஹால்வாரோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அந்தக் காலத்திலேயே அவன் இவள் கணக்கைப் பார்த்து எழுதிவிட்டு, இவள்தான் பார்த்து எழுதினாள் என்று டீச்சரிடம் சொன்னவன். இந்த சீசனில் மட்டும் நான்கு முறை "தென்மேற்கு" என்றான். நான்கு நாளும் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. நான்கு நாளும் சாயங்காலம் அவன் படகின் தளம் கழுவி ஈரமாக இருந்தது. வீட்டில் தூங்குகிறவன் படகை எதற்குக் கழுவுகிறான்?

கேட்டால் சிரிப்பார்கள். ராஜாவைத் தன் கையில் வாங்குவது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தாள். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அந்தக் கருவாடு தன் வீட்டில் தொங்க வேண்டும்.

விழாவுக்கு முந்தின வியாழக்கிழமையும் ஹால்வார் தென்மேற்கு என்றான். ஊரே, மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டுக்குள் அடங்கியது. ஹெர்போர்க்கும் திட்டிக்கொண்டே தேவாலயப் பாறைக்குப் பின்னால் தூண்டில் போட்டாள். பத்து மணி வாக்கில் கயிறு கனத்தது. பாறையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். பாறை மெதுவாகத் தலையை ஆட்டியது.

இருபத்தெட்டு கிலோ.

சனிக்கிழமை மத்தியானம் ஊர்மண்டபத்தில் அவித்த மீன், ஈரல், சினை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலிருந்தும் மேசைக்கு மேசை ஆவி பறந்தது. முன்னால் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டி மீன்கள். கமிட்டித் தலைவர் ஸ்வேரே, மீன் இறக்கும் நிலையத்தின் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"ஹால்வார். இருபத்திநாலு கிலோ. வியாழன் சாயங்காலம் இறக்கினது. பிடிச்ச இடம், தன்னோட படகுக் கொட்டகைக்கு எதிர்ல, எட்டு ஆள் ஆழம். ஹெர்போர்க். இருபத்தெட்டு கிலோ. வியாழன் மத்தியானம். தேவாலயப் பாறை."

கைதட்டல் எழுந்தது. ஹெர்போர்க் பாதி எழுந்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க," என்றான் ஹால்வார், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "அது ஸ்க்ரை இல்ல. நிறத்தைப் பாருங்க, பழுப்பு. வயித்தைப் பாருங்க. மீன் நிலையத்துக் கழிவைத் தின்னு கொழுத்த உள்ளூர் கிழவி. ஆராய்ச்சிக்காரப் பொண்ணு இங்கதான இருக்கு? காதுக் கல்லை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"உன் வயித்தை முதல்ல பாருடா," என்றாள் ஹெர்போர்க். ஆனால் தன் மீனை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ராக்னில் என்கிற அந்தப் பெண் சீசன் முழுக்க மீன்களின் தலையைப் பிளந்து காதுக் கல் எடுக்கிறவள். வாயில் உருளைக்கிழங்கோடு எழுந்து வந்தாள். பயற்றம்பருப்பை நீட்டி விட்டது போல வெள்ளையாக ஒரு கல். அதை நடுவில் ஒடித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள்.

"மரத்துக்கு வளையம் இருக்கிற மாதிரிதான். கோடைக்கு வெள்ளை, குளிர்காலத்துக்குக் கறுப்பு. இவங்களுக்குப் பதினாலு வயசு. முதல் நாலு வருஷம் வளையம் நல்லா அகலம். சாப்பிட்டு சாப்பிட்டு வளர்ந்திருக்காங்க, வேற கவலையே இல்ல. அஞ்சாவது வருஷம் முதல் சினை. அங்கிருந்து வளையம் நெருங்கிடுச்சு பாருங்க. தின்னதெல்லாம் முட்டைக்கே போயிடும், உடம்புக்கு மிச்சம் கிடையாது."

"எனக்கு அப்படியே தலைகீழ்," என்றது பெண்கள் மேசையிலிருந்து ஒரு குரல். "முதல் பிள்ளைக்கு அப்புறம் உடம்புக்கு மட்டும்தான் மிச்சம்."

சிரிப்பு அடங்கியதும் ராக்னில் ஹெர்போர்க்கைப் பார்த்தாள். "நடுவுல இருக்கிற முதல் வளையம் சின்னதா, உருண்டையா இருக்குக்கா. இது உள்ளூர் காட்தான். இந்த ஃபியோர்டைத் தாண்டியே போனதில்ல. மன்னிச்சுக்கங்க."

ஹெர்போர்க் உட்கார்ந்தாள். பதினாலு வருஷம் அந்த மீன் பக்கத்து வீடு. ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்த அன்றே கொன்றாயிற்று. அதுவும் வீணுக்கு.

ஹால்வார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "என்னோடதையும் உடைச்சுப் பாரும்மா. நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாது பாரு."

ராக்னில் உடைத்தாள். "நடு வளையம் பெருசு, நீளவாக்குல இழுத்த மாதிரி. சுத்தமான ஸ்க்ரை. வடக்குக் குளிர்ல மெதுவா வளர்ந்திருக்கு. எட்டாவது வயசுலதான் பருவத்துக்கே வந்திருக்கு. அப்புறம் அஞ்சு தடவை முட்டையிட வந்துட்டுப் போயிருக்கு. அஞ்சும் மெல்லிசு வளையமா தெரியுது."

மறுபடியும் கைதட்டல். ஹால்வார் குனிந்து குனிந்து வணக்கம் சொன்னான். ஹெர்போர்க் அவனைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் மீனைப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வெட்டுவதற்குத் திருப்பிப் போட்டதில் மீனின் வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து, அடைத்துக்கொண்டு, இளஞ்சிவப்பாக எதுவோ பிதுங்கி நின்றது.

"ஹால்வார்," என்றாள். "எங்க பிடிச்சேன்னு சொன்ன?"

"அதான் படிச்சாரே. என் கொட்டகைக்கு எதிர்ல."

"ராக்னில், ஸ்க்ரை அங்க வருமா?"

"வெளிக்கரை மேட்டுலதான் கூடும்க்கா. அடியில இதமான தண்ணி, மேல குளுந்த தண்ணி, ரெண்டும் சேர்ற ஆழத்துல."

"வழி தவறி வந்திருக்கும்!" என்றான் ஹால்வார்.

"வரும், வரும். ஆயிரம் மைல் தவறாம வந்துட்டு உன் வாசல்ல வழி தவறும்." ஹெர்போர்க் எழுந்து போய் மீனின் தாடையை விரலால் தூக்கினாள். "எட்டு ஆள் ஆழத்துல இருந்து தூக்கின மீனுக்கு இரைப்பை வாய்க்கு வருமாடா? அறுபது எழுபது ஆள் ஆழத்துல இருந்து சரசரன்னு இழுத்தாத்தான் உள்ள இருக்கிற காத்து ஊதி வயித்தையே வெளிய தள்ளும். இங்க இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்."

மண்டபத்தில் எல்லோரும் எட்டி அந்த மீனின் வாயைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அது தெரியும். எத்தனையோ ஆயிரம் மீன் இழுத்த கைகள்.

ஸ்வேரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வியாழக்கிழமை நீ வெளிக்கரைக்குப் போனியா?"

ஹால்வார் காலரை மறுபடியும் இழுத்து விட்டுக்கொண்டான். இல்லை என்றால் ஸ்க்ரை வந்த வழி சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் தென்மேற்கு என்று சொன்ன பொய் வெளியே வரும். அந்த மீனைப் போலவே தூண்டிலில் மாட்டியிருந்தான்.

"காத்து... அப்புறம் தணிஞ்சிருச்சு."

"எங்களுக்கு ஃபோன் இல்லையா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவன் மனைவி மோல்ஃப்ரிட் தட்டிலிருந்த கடைசி ஈரல் துண்டை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு எழுந்தாள். வீடு நான்கு எட்டு தூரம்தான். போய், ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினாள். பையிலிருந்து ராஜாவின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்பது வருஷமா இதைத் தூசி தட்டுறது நான்," என்றாள். "ஒரு நாள் தென்மேற்கைப் பார்த்ததில்ல. அடுப்பு எரிஞ்சா அடுப்பைப் பார்க்கும். அணைஞ்சா பாத்திரம் கழுவுற தொட்டியைப் பார்க்கும். இந்த மனுசன் தினம் எழுந்து விரலால திருப்பி விட்டுட்டு, அதையே பார்த்து ஃபோன்ல சொல்றார். ராஜா பேரில பொய் சொல்லக்கூடாதாம், அதுக்காக."

"மோல்ஃப்ரிட்!"

"சும்மா இருங்க. பட்டத்தை நீங்க வச்சுக்கங்க, மீன் பெருசுதான்." பையைக் கொண்டுவந்து ஹெர்போர்க்கின் மடியில் வைத்தாள். "இதை நீ கொண்டு போ. உன் வீட்ல இதைத் திருப்பி விட ஆம்பள இல்ல."

ஸ்வேரே கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி தட்டைப் பார்த்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை காலை ஐந்து மணி. ஹெர்போர்க்கின் சமையலறையில் ராஜா மெல்ல ஒரு சுற்று சுற்றி, ஃபிரிட்ஜைப் பார்த்து நின்றார். "பசியா மகாராஜா?" என்று கேட்டுவிட்டு அவள் ரேடியோவில் வானிலை கேட்டாள். ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். பிறகு வரிசையாகப் பத்து ஃபோன் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"ஃபிரிட்ஜ் பக்கம். ரேடியோ நல்லாத்தான் சொல்லுது, வெளிய காத்தே இல்ல. கிளம்புங்க."

பத்துப் பேருக்கும் அதையே சொன்னாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது கடைசியாக ஒரு அழைப்பு. அந்தப் பக்கம், செருமல் இல்லாமல், ஹால்வார்.

"ஹெர்போர்க். எந்தப் பக்கம்?"

ஜன்னல் வழியே பார்த்தாள். துறைமுகத்தில் பத்துப் படகுகளும் விளக்குப் போட்டுவிட்டன. முதல் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. ஹால்வார் வீட்டு ஜன்னலிலிருந்தும் அது நன்றாகத் தெரியும்.

"தென்மேற்கு, ஹால்வார்," என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சரியான புயல். போர்வையை நல்லா இழுத்துப் போத்திட்டுத் தூங்கு."

ஃபோனை வைத்துவிட்டு, ராஜாவின் கிரீடத்தை ஒரு விரலால் தட்டிவிட்டு, கடலுக்குப் போனாள்.